மரவேலைக் கண்காட்சி: கூடமா, திரையா, அடுத்தவர் பட்டறையா?

2000 ஆகஸ்டில் அட்லாண்டாவில் நடந்த சர்வதேச மரவேலைக் கண்காட்சியில் ஸ்டீபன் காஸ் என்பவர் ஒரு மேசை ரம்பத்தோடு வந்திருந்தார். சுழன்றுகொண்டிருந்த பிளேடில் விரலுக்குப் பதிலாக வைத்த ஒரு ஹாட் டாக் பட்டவுடன் பிளேடு சட்டென்று நின்றது. ஹாட் டாக்கில் கீறல் மட்டும்தான். பின்னாளில் ‘சாஸ்டாப்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்த அமைப்பை அன்று கண்ணால் பார்க்க விரும்பியவர் அந்தக் கூடத்துக்குள் இருந்தாக வேண்டும். 2019இல் ஃபெல்டர் நிறுவனம் ஜெர்மனியின் ஹனோவரில் நடக்கும் லிக்னா மரவேலைக் கண்காட்சியில் தன் பாதுகாப்பு அமைப்பை அறிமுகம் செய்தது. விரல் பிளேடைத் தொடும் முன்பே அது பிளேடைக் கீழே இழுத்துக்கொள்ளும். அதைப் பார்க்க யாரும் ஹனோவருக்குப் போக வேண்டியிருக்கவில்லை. கைப்பேசி போதும்.

ஆகவே ‘புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம்’ என்ற காரணம் செத்துவிட்டது. அதற்காக மட்டும் விடுப்பு எடுத்து, பட்டறையைப் பூட்டி, பயணச் செலவு செய்பவரைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. கொள்ளைநோய்க் காலத்தில் அட்லாண்டா கண்காட்சி 2020இல் ரத்தானது. லிக்னா 2021 மே மாதத்திலிருந்து செப்டம்பருக்குத் தள்ளிப்போய், கடைசியில் கைவிடப்பட்டது. இயந்திர வணிகம் அதனால் நின்றுவிடவில்லை. ஆனாலும் இரண்டு கண்காட்சிகளும் திரும்ப வந்தன, கூட்டமும் வந்தது. திரை தராத ஏதோ ஒன்று அங்கே கிடைக்கிறது. அது என்ன, அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி.

போட்டிக்கு இருப்பவை மூன்று: காணொளி, தயாரிப்பாளரின் செயல்விளக்கக் கூடம், அந்த இயந்திரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இன்னொருவரின் பட்டறை.

திரையோடு ஒப்பிட்டால்

தகவலைப் பொறுத்தவரை கண்காட்சி தோற்றுவிட்டது. விவரத் தாள், மோட்டார் திறன், வெட்டும் ஆழம், மேசையின் அளவு எல்லாமே வீட்டிலிருந்தபடி கிடைக்கின்றன. காணொளியை நிறுத்தலாம், திரும்ப ஓட்டலாம். இரண்டு ஆண்டுகள் ஓட்டியவர் கீழே எழுதியிருக்கும் புலம்பலைப் படிக்கலாம். கண்காட்சியில் நிற்கும் எந்த இயந்திரத்துக்கும் இரண்டு ஆண்டு அனுபவம் கிடையாது.

கைக்குத் தெரிவது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் மரவேலையில் அது சின்ன வித்தியாசமல்ல. மேசை ரம்பத்தில் பலகையை நேராகச் செலுத்த உதவும் தடுப்பான ஃபென்ஸைப் பூட்டிவிட்டு அதன் கடைக்கோடியைக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசைகிறதா? காணொளியில் எல்லா ஃபென்ஸும் மலைபோல் நிற்கும். பிளேடை ஏற்றி இறக்கும் கைச்சக்கரத்தைத் திருப்பும்போது முதல் கால் சுற்று வெறுமனே ஓடுகிறதா, உடனே பல் பிடிக்கிறதா? பெரிய பலகைகளை வெட்டும் பேனல் ரம்பத்தின் நகரும் மேசையை முழு நீளத்துக்கு வெளியே இழுத்து, அதன் நுனியில் உடல் எடையைச் சற்றே சாய்த்தால் எவ்வளவு தாழ்கிறது? இதையெல்லாம் ஒரே மதியத்தில் நான்கைந்து நிறுவனங்களின் இயந்திரங்களில், முதல் இயந்திரத்தின் உணர்வு கையிலிருந்து மறையும் முன்பே, செய்து பார்க்கக் கிடைக்கும் இடம் கண்காட்சி ஒன்றுதான். போட்டியாளர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதுதான் அதன் உண்மையான சரக்கு. மற்றதெல்லாம் பையும் பேனாவும் இலவசக் காப்பியும்.

பலகையின் வெட்டிய ஓரத்தில் பட்டை ஒட்டும் எட்ஜ் பேண்டிங் இயந்திரத்துக்கும் இது பொருந்தும். வெள்ளைப் பலகையில் ஒட்டிய வெள்ளைப் பட்டையின் ஓரத்தில் பசைக்கோடு தெரிகிறதா என்பதைக் கேமரா நினைத்தால் மறைத்துவிடும். நகத்தால் வருடினால் மறைக்க முடியாது. அதிலும் பியுஆர் (பாலியூரிதேன்) வகைப் பசை பயன்படுத்தும் இயந்திரம் என்றால் ஒன்றைக் கேட்டே தீர வேண்டும். அந்தப் பசை சூட்டையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும், ஆனால் காற்றிலுள்ள ஈரத்தாலேயே இறுகிவிடும். நாள் முடிவில் பசைத் தொட்டியையும் உருளையையும் சுத்தம் செய்தாக வேண்டும். கண்காட்சியில் அந்த வேலை பார்வையாளர்கள் போனபின் நடக்கிறது. மாலையில் கூடம் மூடும் நேரத்துக்குப் போய், சுத்தம் செய்வதைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். விற்பனையாளர் சிரித்துப் பேச்சை மாற்றுவார். தொழில்நுட்பர் காட்டுவார்.

கூடம் மறைப்பவை

கண்காட்சியை நம்புகிறவர்கள் பலர் கவனிக்காத இடம் இது. அங்கே ஓடும் இயந்திரம் அதன் வாழ்நாளிலேயே மிகச் சிறந்த நிலையில் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த ஆள் மட்டம் பார்த்து நிறுத்தியிருக்கிறார். பிளேடு புதிது. பலகை தேர்ந்தெடுத்தது: முடிச்சில்லை, திருகலில்லை, ஈரமில்லை. தூசிக் குழாய், கூடத்துக்கு வெளியே நிற்கும் பெரிய உறிஞ்சியோடு இணைந்திருக்கலாம். உங்கள் பட்டறையின் சிறிய உறிஞ்சியில் அதே இயந்திரம் எவ்வளவு தூள் கக்கும் என்பதற்கு அங்கே விடை கிடையாது.

சத்தத்தைப் பற்றியும் அங்கே எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. சுற்றிலும் இத்தனை இயந்திரங்கள் இரையும்போது எந்த இயந்திரமும் அமைதியானதாகத்தான் தோன்றும். இதில் காணொளியும் உதவாது. ஒலிவாங்கி தானாகவே சத்தத்தைத் தணித்துப் பதிவு செய்துவிடும். நம்பத்தக்கது காகிதம்தான். ஐரோப்பாவில் விற்கப்படும் இயந்திரங்களின் கையேட்டில் ஒலி அளவைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள்.

இந்த மறைப்புகளுக்கு மருந்து உண்டு: சொந்தப் பலகை. நீங்கள் தினமும் வெட்டுவது ஓரம் பிய்ந்துபோகும் மெலமைன் பலகையா, நார் முறுக்கிய மரமா? கையில் அடங்கும் அளவில் இரண்டு மூன்று துண்டுகளை எடுத்துப் போங்கள். கூடவே ஒரு மூலைமட்டமும் போதும். சில அரங்குகளில் பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுப்பார்கள், அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் மறுக்கும் விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

தயாரிப்பாளரின் கூடம்

பெரிய நிறுவனங்கள் தங்கள் இடத்திலேயே வாடிக்கையாளரை வரவேற்கின்றன. ஹோமாக் ஜெர்மனியின் ஷாப்ஃப்லோக்கில் ‘ட்ரெஃப்’ என்ற பெயரில் விழாவே நடத்துகிறது. இத்தாலியில் பியெஸ்ஸேவுக்குப் பெசாரோ, எஸ்சிஎம்முக்கு ரிமினி. விநியோகஸ்தர்களின் சிறிய கூடங்களும் உண்டு. அங்கே நெரிசல் இல்லை, அவசரம் இல்லை. உங்கள் வரைபடத்தைக் கொடுத்து அரை நாள் உங்கள் பாகங்களையே வெட்டச் சொல்லலாம். கணினி நிரலின்படி ஓடும் சிஎன்சி இயந்திரம் வாங்குபவருக்கு இது கண்காட்சியைவிட எவ்வளவோ மேல். சிஎன்சியில் பாதி சிக்கல் மென்பொருளில் இருக்கிறது. நின்றுகொண்டே பார்க்கும் பத்து நிமிடக் காட்சியில் மென்பொருளின் குணம் வெளிப்படாது.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிது: எதிராளி அங்கே இல்லை. மாப்பிள்ளை வீட்டில் வைத்தே மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது மாதிரி. எல்லோரும் நல்லதையே சொல்வார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் பட்டறை

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இது. மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான். மூன்று ஆண்டுகளாக அந்த இயந்திரத்தை ஓட்டும் ஒரு பட்டறைக்குப் போனால், எந்த மூடியைக் கழற்றி மூலையில் வைத்துவிட்டார்கள் என்று தெரியும். எந்தச் சுவிட்சின் மேல் நாடா ஒட்டியிருக்கிறது, எந்த இடுக்கில் தூள் அடைக்கிறது, எந்த அளவுகோலை நம்பாமல் பென்சிலால் பக்கத்தில் குறித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கண்முன் இருக்கும். உதிரிபாகம் கேட்டால் எத்தனை நாளில் வருகிறது என்ற கேள்விக்கு உண்மையான பதில் அங்கேதான் கிடைக்கும். முதலாளியிடம் கேட்பதைவிட இயந்திரத்தை ஓட்டுபவரிடம் கேட்பது நல்லது. பணம் போட்டவர் தன் தேர்வைத் தற்காத்துப் பேசுவார். ஓட்டுபவருக்கு அந்தக் கடமை இல்லை.

ஆனால் அங்கே ஒரே இயந்திரம்தான் இருக்கும். அதுவும் தொழில் போட்டியாளர் தன் பட்டறைக்குள் உங்களை விட மாட்டார். வேறு வகை வேலை செய்பவரையோ, தொலைவில் இருப்பவரையோதான் தேட வேண்டும். அப்படிப்பட்டவரைச் சந்திக்க நல்ல இடம் எது என்று பார்த்தால், கண்காட்சியின் சாப்பாட்டு வரிசைதான். அரங்குகளில் பேசியதைவிடப் பயனுள்ள பேச்சை அந்த வரிசையில் நான் கேட்டிருக்கிறேன்.

ஆகவே என் வரிசை இது: திரையில் பார்த்துப் பத்து இயந்திரங்களை நான்காகக் குறைப்பது, கண்காட்சியில் தொட்டுப் பார்த்து நான்கை இரண்டாக்குவது, பட்டறையில் விசாரித்து இரண்டை ஒன்றாக்குவது. முதல் கட்டத்திலோ கடைசிக் கட்டத்திலோ இருப்பவருக்குக் கண்காட்சி வீண்செலவு. நடுவில் இருப்பவருக்கு அதைவிட மலிவான வழி இல்லை.

கைக்கருவிக்காரர்களின் கணக்கு வேறு

இழைப்புளியும் உளியும் பிடிப்பவர் லிக்னா போன்ற பெருங்கூடங்களில் தொலைந்துபோவார். அங்கே எல்லாம் ஆலைகளுக்கானது. அவர்களுக்கானவை சிறிய கூடல்கள். அமெரிக்காவில் அயோவாவின் அமானாவில் 2013இல் தொடங்கிய ‘ஹேண்ட்வொர்க்ஸ்’ அப்படிப்பட்டது. கருவியைச் செய்தவரே மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பார். ஜப்பானின் ‘கெஸுரோகாய்’ இன்னும் ஒரு படி மேல். அங்கே இழைப்புச் சுருளின் தடிமனை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளந்து போட்டி நடத்துகிறார்கள். பத்து மைக்ரானுக்கும் கீழே இறக்குகிறார்கள். தளவாடம் செய்ய அத்தனை மெல்லிய சுருள் எதற்கு என்று கேட்டால் எந்தப் பயனும் இல்லைதான். ஆனால் தீட்டுவதில் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை நேரில் பார்த்தவர் தன் தீட்டுக்கல்லைப் பழைய கண்ணோடு பார்க்க மாட்டார். இந்தப் பிரிவில் திரை ஒரு போட்டியே அல்ல. இழைப்புளியின் பிடி உள்ளங்கைக்குப் பொருந்துகிறதா என்பதை எந்தக் காணொளி சொல்லும்?

அங்கேயே வாங்கலாமா?

கடைசி நாளில் அரங்க இயந்திரங்களைத் தள்ளுபடியில் கொடுப்பது வழக்கம். திரும்ப ஏற்றிச் செல்லும் செலவு அவர்களுக்கு மிச்சம். வாங்குவதாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது மோட்டாரின் விவரத் தகடு. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் உலகின் பெரும்பகுதியிலும் 50. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த சாதாரணத் தூண்டல் மோட்டாரை 50இல் ஓட்டினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும்; மின்னழுத்தமும் பொருந்தாவிட்டால் சூடேறும். அட்லாண்டாவிலோ லாஸ் வேகாஸிலோ அசத்திய இயந்திரம் வேறொரு நாட்டில் வேறு மோட்டாரோடுதான் விற்பனைக்கு வரும். ஒரே முனை மின்சாரம் மட்டும் உள்ள பட்டறைக்கு மும்முனை இயந்திரத்தை வாங்கிவிட்டு, அதற்குப் பிறகு ஒருமுனையை மும்முனையாக்கும் கருவியைத் தேடி அலைபவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது உத்தரவாதம். அது கண்காட்சியில் முதலில் சுவிட்சைப் போட்ட நாளிலிருந்து தொடங்குகிறதா, உங்கள் பட்டறையில் நிறுவிய நாளிலிருந்தா? நிறுவித் தருவதும் மட்டம் பார்ப்பதும் தள்ளுபடி விலைக்குள் அடங்குமா? இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். அரங்கைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் வாய்மொழியாக எதற்கும் தலையாட்டுவார்கள்.