பாப்பி விளக்கு: ஆலசனா, எல்இடியா?

வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம், பாலக்காட்டு எல்லையில் ஒரு சின்னப் பயிற்சி ஓடுதளம். இறங்கும் விமானிக்கு உயரம் சரியா என்று காட்டும் அதன் பாப்பி விளக்கை மாற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. கேட்டவர்களெல்லாம் எல்இடி என்றார்கள். நான் இழை சூடாகி எரியும் ஆலசன் பல்பைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

பாப்பி என்பது ரன்வேயின் இடப்பக்கம் வரிசையாக நிற்கும் நான்கு பெட்டிகள். ஒவ்வொன்றும் அதன் கோணத்துக்கு மேலிருந்து பார்த்தால் வெள்ளை, கீழிருந்து பார்த்தால் சிவப்பு. இறங்க வரும் விமானிக்கு இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிந்தால் 3 டிகிரி சரிவில் சரியாக வருகிறார். நான்கும் வெள்ளை என்றால் உயரம் கூடுதல். நான்கும் சிவப்பு என்றால் ஆபத்தான தாழ்வு. ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் கோணத்தில் மூன்றில் ஒரு டிகிரிதான் வித்தியாசம்.

கரண்ட் செலவில் எல்இடி ஜெயிக்கிறது, அதில் பேச்சே இல்லை. ஆயுளும் அப்படித்தான்: முழு வெளிச்சத்தில் ஆலசன் பல்பு சுமார் 1,000 மணி நேரம், எல்இடிக்குச் சொல்வது 50,000. ஒளியைக் குறைத்தால் ஆலசனின் வெள்ளை மஞ்சளடிக்கும், எல்இடி மாறாது. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

என் முடிவைத் தீர்மானித்தது பனி. மார்கழி விடியலில் எங்கள் பக்கம் புல், கம்பி, கண்ணாடி எல்லாம் நனைந்து நிற்கும். லென்ஸில் ஈரம் படிந்தால் சிவப்பும் வெள்ளையும் கலங்கி ஒன்றாகிவிடும். ஆலசனை இரவெல்லாம் குறைந்த ஒளியில் எரியவிட்டால் அதன் சூட்டிலேயே லென்ஸ் காய்ந்துவிடும். எல்இடி லென்ஸுக்கு அந்தச் சூடு கிடையாது. தனி ஹீட்டர் வேண்டும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் எல்இடி பெட்டிகள். ஒருநாள் அதிகாலை உதவியாளர் கூப்பிட்டார்: "அண்ணா, ரெண்டாவது பெட்டி ரோஸா தெரியுதே!" போய்ப் பார்த்தால் விளக்கு எரிகிறது, லென்ஸில் மட்டும் முத்து முத்தாகத் தண்ணீர். ஹீட்டர் போயிருந்தது. எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அதுதான் பயம். ஆலசனில் பல்பேதான் ஹீட்டர். போனால் அந்தப் பல்பின் இருட்டே சொல்லிவிடும். ஒரு பெட்டியில் ஒன்றுக்கு மேல் பல்பு இருப்பதால் மற்றது எரிந்துகொண்டிருக்கும், பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். விரல் மட்டும் கண்ணாடியில் படக்கூடாது: கை எண்ணெய் ஒட்டிய இடம் சூட்டில் கெட்டு, பல்பு சீக்கிரம் போய்விடும். சுத்தமான துணியால் பிடித்து மாட்டி, கோணத்தைக் கிளைனோமீட்டர் என்ற சரிவு அளக்கும் கருவி வைத்துப் பார்த்துவிடுவேன்.

ரன்வே ஓர விளக்குகளுக்கு யோசிக்காமல் எல்இடிதான் போட்டேன். கொஞ்சம் மங்கினாலும் ஓரம் எது என்று தெரிந்துவிடும். நிறம் பார்த்து உயரம் கணிக்க அங்கே எதுவும் இல்லை.

நான் கண்டது ஒரே இடத்தில், ஒரு பனிக்காலத்தில், பழைய மாடல் ஒன்றை. ஹீட்டர் நின்றால் அலாரம் கொடுக்கும் பெட்டிகளில் நான் கைவைத்ததில்லை. அப்படி ஒன்றை எங்கள் பனியில் ஒரு மார்கழி முழுக்க ஓட்டிப் பார்க்கக் கிடைத்தால் மாறிவிடுவேன். அதுவரை ஜீப்பில் மாற்றுப் பல்பு ஒரு பெட்டி இருக்கும்.