கட்டைவிரலுக்குத் தோதான தமிழ்க் கீபோர்டு: தங்கிலீஷா, தமிழ்99ஆ?

போனில் தமிழ் அடிக்கப் பலர் பிடித்துக்கொள்வது இரண்டு வழிகளில் ஒன்றை. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் தங்கிலீஷ் முறை ஒன்று. தமிழ் எழுத்துகளையே விசைகளில் வைத்து, 1999இல் தமிழ்நாடு அரசு தரமாக அறிவித்த தமிழ்99 மற்றொன்று. எது விரலுக்கு வசதி என்று கேட்டால், சட்டென்று தங்கிலீஷ் என்றுதான் சொல்லத் தோன்றும். கை ஏற்கெனவே பழகிய விசைகள், அளவிலும் பெரியவை.

அளவையே எடுத்துக்கொள்வோம். 6.5 செ.மீ. அகலத் திரையில் ஆங்கில மேல்வரிசையின் 10 எழுத்துகளை வைத்தால் விசைக்கு 6.5 மி.மீ. கிடைக்கும். கணினிக்கு வகுத்த தமிழ்99இன் மேல்வரிசையில் 12 எழுத்துகள். அப்படியே போனில் வைத்தால் 5.4 மி.மீ.தான். தொடும் பொத்தானுக்குச் சுமார் 9 மி.மீ. வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு வழிகாட்டியின் கணக்கு. இரண்டுமே நெருக்கடிதான், தமிழ்99 இன்னும் கொஞ்சம் கூடுதல் நெருக்கடி.

சரி, அப்படியும் நான் தமிழ்99 பக்கம்தான். விரல் அலுத்துப்போவது தட்டித் தட்டியும், அடித்ததைத் திருத்தித் திருத்தியும்தான். 'வந்தாள்' என்று அடித்துப் பாருங்கள். ஆங்கில எழுத்தில் எட்டுத் தட்டு. அதே எட்டுத் தட்டுக்கு 'வந்தால்' என்றும் பொருள் கொள்ளலாம் என்பதால், மேலே வரும் பரிந்துரைகளில் ஒரு கண் வைத்தே ஆக வேண்டும். தமிழ்99இல் வ, ந, த, ஆ, ள, புள்ளி என ஆறே தட்டு. ந-வுக்குப் பின் த வந்ததும் 'ந்த' தானாக விழுந்துவிடும். க-வை இருமுறை தட்டினால் 'க்க'. ல, ள, ழ மூன்றுக்கும் தனித்தனி விசை என்பதால் 'பலம்' அடிக்கப் போய் 'பழம்' வரும் பேச்சே இல்லை.

இன்னொரு சௌகரியம், உயிரெழுத்துகள் இடப்பக்கமும் பெரும்பாலான மெய்கள் வலப்பக்கமும் இருப்பது. 'மாலை' என்று அடித்தால் வலது, இடது, வலது, இடது என்று இரண்டு கட்டைவிரலும் மாறி மாறி வேலை செய்யும். ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மட்டும் அடிக்கும்போது இதுவே தொல்லை. ஒற்றைக் கட்டைவிரல் திரையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலையும். அந்த நேரத்துக்குத் தங்கிலீஷே மேல். கூகுளின் ஜிபோர்டு செயலியில் கீபோர்டை ஒரு பக்கமாக ஒதுக்கும் ஒற்றைக் கை வசதியும் உண்டு.

விரலால் எழுதிக் காட்டும் முறை, ஓரிரு சொல்லுக்குச் சரி. பத்தி பத்தியாக எழுத ஆகாது.

தமிழ்99 பழகச் சில நாள் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் 12 உயிர், 18 மெய், ஆய்தம் ஆகிய 31 எழுத்துகளின் இடம் தெரிந்தால் 247உம் கைக்குள் வந்துவிடும். முத்து நெடுமாறனின் செல்லினம் என்ற கீபோர்டு செயலியில் இரண்டு முறைகளும் இருக்கின்றன. ஐபோனில் தமிழ்99 கூடவே வருகிறது. விசை சிறிதாகத் தெரிந்தால், உயரத்தைக் கூட்ட விடும் செயலிகளில் முதலில் அதைக் கூட்டுங்கள். ஐபோனின் சொந்தக் கீபோர்டில் அதற்கு வழியில்லை. நீளமாக எழுதும்போது போனைப் படுக்கைவாட்டில் திருப்பிக்கொண்டால் விசைகள் அகலமாகும்.