ரோடு ட்ரிப்பா, யூரோட்ரிப்பா?

விடுமுறைக்குக் காரைக்குடியில் கூடும் தம்பிமார் கேட்கிறார்கள், இந்த இரண்டு ஹாலிவுட் காமெடிப் படங்களில் எதைப் பார்ப்பது என்று. முகப்பில் ஆச்சி இருக்கையில் இரண்டையுமே போடாதீர்கள், அவ்வளவு பச்சை.

2000-இல் டாட் பிலிப்ஸ் எடுத்த 'ரோடு ட்ரிப்' விமர்சகர்களை இரண்டாகப் பிரித்தது, வசூலோ அள்ளியது. தவறுதலாகத் தபாலில் போய்விட்ட அந்தரங்க வீடியோ கேசட்டை மீட்க, நியூயார்க் மாநிலத்திலிருந்து டெக்சாஸ் வரை கார் ஓடுகிறது. அந்த ஒற்றைப் பதற்றமே கதையை இழுத்துச் செல்கிறது. பாம்புக்கு வைத்த எலியை நடிகர் டாம் கிரீன் தன் வாயில் போட்டுக்கொள்ளும் இடத்தில் எனக்குக் குமட்டிவிட்டது.

2004-இல் வந்த 'யூரோட்ரிப்' விமர்சனத்திலும் வசூலிலும் அடிவாங்கி, டிவிடியில் பிழைத்தது. ஐரோப்பாவைச் சுற்றும் பயணத்தில் ஊருக்கொரு துணுக்கு, வேறொன்றுமில்லை. ஆனாலும், மொட்டைத்தலை மேட் டேமன் மேடையேறிப் பாடி நாயகனின் மானத்தை வாங்குகிறாரே, அதற்காகவே என் ஓட்டு இதற்கு.