கோல்ஃப் அயர்ன் செட்டை லை, லாஃப்ட் திருத்தக் கொடுக்கிறவங்க கவனிங்க: ₹8,400 போச்சு

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடுறேன். கடை பேரைப் போடலை. கோல்ஃப் கிளப்புக்கு கிரிப் மாத்துறது, ஷாஃப்ட் (தடி) போடுறது, லை ஆங்கிள் (தடி தரையோட நிக்கிற கோணம்), லாஃப்ட் (பந்தை அடிக்கிற முகம் பின்னால சாயுற கோணம்) திருத்துறதுன்னு எல்லாம் செய்ற வகைக் கடை. 4 அயர்ன்ல இருந்து பிட்சிங் வெட்ஜ் வரைக்கும் 7 கிளப், ஒண்ணுக்கு ₹1,200. மொத்தம் ₹8,400, முழுசும் முன்கூட்டியே வாங்கிக்கிட்டாங்க.

நம்ப வெச்சது அந்த லை போர்டுதான். கிளப்போட அடிப்பாகத்துல டேப் ஒட்டி, போர்டு மேல அடிக்கச் சொன்னாங்க. தேய்ஞ்ச தடம் டோ, அதாவது தலையோட நுனி, பக்கமா விழுந்தது. அப்படி விழுந்தா கிளப் ஃப்ளாட்டா (லை கோணம் கம்மியா) இருக்குன்னு அர்த்தம், வலது கைக்காரர் அடிச்சா பந்து வலப்பக்கம் ஒதுங்கும். “2 டிகிரி அப்ரைட் பண்ணிடலாம் சார், லாஃப்ட் துளிகூட மாறாது”ன்னாங்க, அதாவது லையை 2 டிகிரி கூட்டுறது. சோதனையும் சரி, சொன்ன கணக்கும் சரி. ஃபோர்ஜ்டு (அடிச்சு உருவாக்கின) கார்பன் ஸ்டீல் தலை 2 டிகிரி தாராளமா வளையும். டிஜிட்டல் கேஜ் வேற எடுத்துக் காட்டினாங்க. இதுக்கு மேல யார்தான் சந்தேகப்படுவாங்க?

செட்டோட ஒரு சீட்டு கொடுத்தாங்க. 4 அயர்ன் லை 63 டிகிரி, 5 அயர்ன் 63.5ன்னு அரை அரை டிகிரியா அழகா ஏறுது. வளைக்கிறதுக்கு முன்னாடி இருந்த அளவு மட்டும் எங்கேயும் இல்ல.

வேற இடத்துல, லை, லாஃப்ட் அளந்து வளைக்கிற மெஷின்ல மாட்டி அளந்தப்போதான் வண்டவாளம் தெரிஞ்சது. 4, 5, 6 மூணையும் தொடவே இல்ல, 61, 61.5, 62ன்னு கம்பெனி அளவு அப்படியே இருக்கு. செய்யாத வேலைக்கே ₹3,600! 8 அயர்ன் லை 65 இருக்கணும், 67 இருக்கு. அதோட லாஃப்ட் 38ல இருந்து 39 ஆயிடுச்சு, 9 அயர்ன் 42ல இருந்து 40 ஆயிடுச்சு. ரெண்டுக்கும் நடுவுல 4 டிகிரி இருந்த இடத்துல இப்போ 1 டிகிரிதான், ரெண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் போகும். 9க்கும் வெட்ஜுக்கும் நடுவுல தூரத்துல பெரிய இடைவெளி. 9 அயர்ன்ல லாஃப்ட் 2 டிகிரி குறைஞ்சதுல பவுன்ஸும் (அடிப்பாகம் தரையைத் தோண்டாம சறுக்க உதவுற கோணம்) 2 டிகிரி போச்சு, தரையைத் தோண்டுது.

ஓசல், அதாவது தடி செருகுற கழுத்துல வைஸ் பல் பதிஞ்ச தடம் தெளிவா தெரியுது. மெஷின்ல வைக்கவே இல்லை, பெஞ்ச் வைஸ்ல கடிக்க வெச்சு குழாயைப் போட்டு இழுத்திருக்காங்க. முறைப்படி, முகத்துல இருக்கிற கோடுகள் கிடைமட்டமா நிக்கிற மாதிரி தலையைப் பூட்டி, லாஃப்ட், லை ரெண்டையும் அளந்து, பித்தளை வாய் வெச்ச பாரால கொஞ்சம் கொஞ்சமா வளைக்கணும். லையை இழுக்கும்போது பார் துளி சாய்ஞ்சாலும் லாஃப்ட் கூடவே நகரும். அதனால ஒவ்வொரு இழுப்புக்கும் ரெண்டையும் திரும்ப அளக்கணும். 17-4 ஸ்டெயின்லெஸ் வார்ப்புத் தலையா இருந்திருந்தா இந்த வைஸ் வேலைக்கு ஓசலே முறிஞ்சிருக்கலாம்.

கேட்டா முதல்ல “உங்க ஸ்விங் மாறியிருக்கும் சார்”. அப்புறம் “ஃபோர்ஜ்டு மெத்து, பேக்ல இடிபட்டு மாறும்”. பயிற்சி மேட்ல அடிச்சு அடிச்சு நாளடைவுல 1 டிகிரி நகர்றது உண்மைதான். அதுக்காக மூணு கிளப் கம்பெனி அளவுக்கே போய் நிக்குமா? வைஸ் தடத்தைக் காட்டினதும் “ஓனர் வெளியூர்ல இருக்கார்”. இப்போ போனே எடுக்கிறதில்ல. ₹8,400க்கு பில்லும் இல்ல.

எப்படி சரிபார்க்கணும்னு விரிவா எழுத நினைச்சேன், இப்போதைக்கு இது மட்டும். முன் அளவு, பின் அளவு ரெண்டும் எழுதின சீட்டு இல்லாம காசு கொடுக்காதீங்க. ஒரு கிளப்பையாவது உங்க கண்ணு முன்னாடி வளைக்கச் சொல்லுங்க. பந்துல மார்க்கரால ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு நேரா நின்னு முகத்தைப் பார்க்கிற மாதிரி வெச்சு அடிங்க; முகத்துல பதியுற கோடு ஸ்கோர் லைனுக்கு (முகத்துல இருக்கிற கோடுகளுக்கு) செங்குத்தா இருந்தா லை சரி. வாங்கும்போதே ஓசலைத் தடவிப் பாருங்க.