ஐசிஜி சாயத்தோடு ஒன்பது ஆண்டுகள்: ஒளிர்வதும் ஓடுவதும்

மூளை அனீயூரிசங்களுக்கு (ரத்தக் குழாய்ச் சுவரில் பலூன்போல வீங்கிய இடங்கள்) ரத்தம் போகாமல் அடைக்கக் கிளிப் போடுவது என் வேலை. போட்ட கிளிப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று மேசையிலேயே பார்க்க ஒன்பது ஆண்டுகளாக சாயத்தால் ரத்த ஓட்டத்தை ஒளிரவைத்துக் காட்டும் ஐசிஜி வீடியோ ஆஞ்சியோகிராஃபியைப் பயன்படுத்துகிறேன். ஐசிஜி, அதாவது இன்டோசயனின் க்ரீன், பழைய சாயம்தான். 1950களிலிருந்தே இதயம், கல்லீரல் சோதனைகளில் இருக்கிறது. மூளை அறுவையில் அதைக் காட்டும் கட்டுரையை ஆண்ட்ரியாஸ் ராபே குழுவினர் 2003-ல் வெளியிட்டார்கள்.

கிளிப் போட்டதும் "சாயம் கொடுங்க" என்பேன். மயக்க மருத்துவர் சிரைவழியே செலுத்துவார். மைக்ரோஸ்கோப்பை அகச்சிவப்புக்கு மாற்றினால் மானிட்டர் கறுப்பாகிவிடும். அரை நிமிடத்துக்குள் தமனிகள் வெள்ளையாகத் தெரியும், பின்னாலேயே சிரைகள். அந்த நேரத்தில் அறையில் யாரும் பேசமாட்டோம். ஆக்சிமீட்டர் மட்டும் கூவும்: சாயம் அதன் கணக்கைக் குழப்பி, ஆக்சிஜன் குறைந்ததுபோலப் பொய்யாகக் காட்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதன் உண்மையான லாபம் பெர்ஃபரேட்டர்களில் இருக்கிறது. மூளைக்குள் ஆழமாகப் போகும் நூல்போன்ற இந்த ரத்தக் குழாய்கள் கிளிப்பின் அலகுக்குள் மாட்டிக்கொண்டால், வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஐசிஜியில் அது இருண்டு கிடக்கும். உடனே கிளிப்பை நகர்த்தினால் பக்கவாதத்தைத் தவிர்க்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே இதை விடமாட்டேன்.

சரி, குறைகள். மைக்ரோஸ்கோப்பின் பார்வைக்கு நேரே இருப்பது மட்டும்தான் தெரியும். ஒருமுறை படத்தில் அனீயூரிசம் முழுக்க இருட்டு, நிம்மதியாக மூடினோம். பிறகு எடுத்த ஆஞ்சியோகிராமில் கிளிப்புக்குப் பின்னால் அனீயூரிசத்தின் கழுத்தில் (அது குழாயோடு சேரும் இடம்) ஒரு துணுக்கு மிச்சம் இருந்தது. சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலும், ரத்த உறைகட்டி மறைத்தாலும் இதே சிக்கல்தான்.

அதற்கு நேர்மாறாகவும் ஏமாந்திருக்கிறேன். கிளிப்புக்கு முன்பே ஒரு தடவை சாயம் கொடுத்துப் பார்த்தேன். உடனே கிளிப் போட்டேன். இரண்டாம் தடவை பார்த்தால் அனீயூரிசம் பளிச்சென்று ஒளிர்கிறது! கிளிப் நழுவிவிட்டது என்று கழற்றப் போனேன். அதற்குள் உடனிருந்தவர், ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் மைக்ரோ டாப்ளரை எடுத்து நீட்டினார். வைத்தேன், சத்தமே இல்லை. முதல் தடவைச் சாயம் உள்ளே சிறைப்பட்டு ஒளிர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் மூன்று நான்கு நிமிடம்தான் என்றாலும், வெளியேற வழியில்லாத இடத்தில் அந்தக் கணக்கு செல்லாது. அப்போதிலிருந்து இரண்டு ஊசிகளுக்கு நடுவே பத்துப் பதினைந்து நிமிடம் விடுகிறேன். கிளிப்புக்கு முன் அவசியம் இல்லாமல் சாயம் கொடுப்பதில்லை.

மூளைக்கு மாற்று ரத்தப் பாதை தைக்கும் பைபாஸிலும் இதே கதை. தையல் திறந்திருக்கிறது என்று ஐசிஜி சொல்லும். மூளைக்குப் போதுமான ரத்தம் போகிறதா என்பது வேறு கேள்வி. அதற்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று எண்ணாகவே தரும் அல்ட்ராசவுண்ட் ஃப்ளோ புரோப் வேண்டும்.

லேசர் ஒளியால் ரத்த ஓட்டத்தைப் படமாக்கும் லேசர் ஸ்பெக்கிளையும் சில மாதம் வைத்துப் பார்த்தேன். ஊசி வேண்டாம், ரத்த ஓட்டத்தைத் தொடர்ந்து காட்டும். ஆனால் அது தருவது ஒப்பீட்டளவு மட்டுமே, தவிர மூளையின் துடிப்பிலேயே படம் ஆடும்.

ஐசிஜி கருவியை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அனீயூரிசம், ஏவிஎம் (தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்ட முடிச்சு), பைபாஸ் செய்கிறீர்கள் என்றால் தயங்காமல் வாங்குங்கள். சாயத்தில் அயோடைடு கலந்திருப்பதால் நோயாளிக்கு அயோடின் ஒவ்வாமை உண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். டாப்ளரை மட்டும் தட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள்; என் தட்டில் இன்றும் அதே பழைய புரோப்தான்.