நோட்டுப் புத்தகமா, வாளியா, சென்சாரா? நாற்றம் வீசும் ஊர் எதில் தொடங்குவது

தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன கதை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் நாற்றம் கிளம்பும். கண் எரியும், குழந்தைகள் இருமும். காலையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போன் போட்டால் ஆள் வந்து சேர மதியமாகிவிடும். அதற்குள் காற்று திசை மாறியிருக்கும். "இப்போ ஒண்ணும் தெரியலையே" என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்கும் இதே பதில்தான் வரும்.

அதனால்தான், ஆதாரத்தை நாமே சேர்ப்போம் என்று பல ஊர்களில் பேச்சு எழுகிறது. எப்படிச் சேர்ப்பது என்பதில் ஆளுக்கொரு யோசனை. இளைஞர்கள் காற்று மாசை அளக்கும் சென்சார் வாங்கலாம் என்பார்கள். வெளியிலிருந்து வரும் தன்னார்வலர்கள் வீடு வீடாக நோய்க் கணக்கு எடுக்கலாம் என்பார்கள். விஷயம் தெரிந்தவர் யாராவது, வாளிக்குள் வைத்த பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பும் வாளி முறையைச் சொல்வார். என் கட்சி வேறு: முதலில் நாற்பது ரூபாய் நோட்டுப் புத்தகம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை இதற்கு நல்ல பாடம். 2004-ல் உப்பனாற்றை ஒட்டிய ஊர்க்காரர்கள் கண்காணிப்புக் குழு அமைத்தார்கள். எந்த நேரத்தில், எந்த இடத்தில், என்ன மாதிரி நாற்றம் என்று குறித்தார்கள். பிறகு வாளியால் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்களும் அதில் இருந்தது தெரியவந்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் அபாயக் கழிவுக் கண்காணிப்புக் குழு அங்கே நேரில் வந்து பார்த்தது. குறிப்பும் வாளியும் சேர்ந்து செய்த வேலை அது.

நோட்டுப் புத்தகம்

ஒரு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? தேதி, ஆரம்பித்த நேரம், அடங்கிய நேரம், தெரு. நாற்றம் எதைப் போல என்பது முக்கியம்: அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டைக்கோஸ் என்றால் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மம், நெயில் பாலிஷ் என்றால் அசிட்டோன் போன்ற கரைப்பான் என்று வேதியியல் தெரிந்தவர் ஊகிக்க முடியும். அடுத்து, உடம்புக்கு என்ன செய்தது. கடைசியாகக் காற்றின் திசை. இதற்குக் கருவி வேண்டாம், மொட்டைமாடிக் கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்தால் போதும். கடலோரத்தில் பகலில் கடற்காற்று, இரவில் நிலக்காற்று. ஒரே புகைபோக்கி பகலில் ஓர் ஊரையும் இரவில் இன்னோர் ஊரையும் தாக்கும். திசையைக் குறிக்காத நோட்டு எந்த ஆலையையும் சுட்டிக் காட்டாது.

மூன்று வீடுகள் ஒன்றையொன்று கேட்காமல் ஒரே மணியைக் குறித்திருந்தால், அதை யாராலும் எளிதில் தள்ளிவிட முடியாது. எழுதியதும் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸாப்பில் போட்டுவிட்டால் நேரத்துக்கும் சாட்சி கிடைத்துவிடும். சட்டத்திலும் இதற்கு வேலை உண்டு. சுற்றுச்சூழல் வழக்குகளைக் கேட்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு, அதன் சட்டத்தின் 14-வது பிரிவில் வழக்கோடு போக, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. 15-வது பிரிவில் இழப்பீடு கேட்க ஐந்து வருஷம். தேதி போட்ட குறிப்பு இல்லாமல் இந்தக் கணக்கைத் தொடங்கவே முடியாது.

குறையும் உண்டு. மூக்கு சீக்கிரம் மரத்துப்போகும். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் வாசனையே தெரியாமல் போகும், அபாயம் அதிகம் அப்போதுதான். புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனுக்கு நம் நாட்டின் ஆண்டு சராசரி வரம்பு, காற்றில் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். மூக்குக்கு எட்டும் அளவு அதைவிடப் பல மடங்கு அதிகம், வரம்பைத் தாண்டினாலும் மூக்குக்குத் தெரியாது.

வாளி

அந்த இடத்தில்தான் வாளி வருகிறது. 1995-ல் கலிபோர்னியாவில் சுத்திகரிப்பு ஆலைப் புகையால் பாதிக்கப்பட்ட மக்களின் வழக்கறிஞர் எட்வர்ட் மாஸ்ரி ஒரு பொறியாளரை வைத்துச் செய்வித்தது. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிக்குள் டெட்லார் என்ற, வாயு மாதிரி பிடிக்கும் பிளாஸ்டிக் பை. சிறிய பம்பால் வாளிக் காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று பைக்குள் தானாக நிறையும், சில நிமிட வேலை. ஆனால் பையை இரண்டு மூன்று நாளுக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிட வேண்டும், கந்தகச் சேர்மம் என்றால் இன்னும் சீக்கிரம். கட்டணமும் கனம், அதனால் கண்ட நேரத்தில் பையை நிரப்ப முடியாது. எந்த மணியில் நிரப்புவது என்று நோட்டுதான் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் லூசியானாவில் நார்கோ என்ற ஊரின் டயமண்ட் குடியிருப்பு ஷெல் ஆலைகளுக்கு நடுவே மாட்டியிருந்தது. மார்ஜி ரிச்சர்ட் என்ற ஆசிரியையின் தலைமையில் மக்கள் வாளி பிடித்தார்கள். 2002-ல் நான்கு தெருக்காரர்களுக்கும் வேறிடம் போகப் பணம் தர ஷெல் ஒத்துக்கொண்டது.

ஒரு எச்சரிக்கை. காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி வாரிய அதிகாரி முறைப்படி எடுத்த மாதிரிதான் வழக்கில் செல்லும். ஊர் வாளி அந்த இடத்தைப் பிடிக்காது. வாரியத்தை வந்து மாதிரி எடுக்கவைக்கும் நெருக்கடியைத்தான் அது தரும். "மூன்று நிமிடக் காற்றை ஆண்டு வரம்போடு எப்படி ஒப்பிடலாம்" என்று ஆலை கேட்பதும் நியாயமான கேள்விதான். பதில், திரும்பத் திரும்பப் பிடிப்பது.

சென்சார்

சில ஆயிரம் ரூபாய், போனிலேயே எண் தெரியும், நாள் முழுக்க ஓடும். ஆனால் மலிவான சென்சார்கள் பெரும்பாலும் பார்ப்பது பிஎம் 2.5 என்ற நுண்துகளை மட்டும். வாயு நாற்றத்துக்கு அது குருடு. ஆலை நாற்றம் வீசும் ஊரில் இதை மாட்டினால், எண் குறைவாகக் காட்டி நம் வாதத்தையே கெடுத்துவிடும். கொடுங்கையூர் மாதிரி குப்பைக் கிடங்குப் புகைக்கு இது சரியான கருவி. கல் குவாரித் தூசிக்குச் சரிவராது, பெரிய துகள்களை ஒழுங்காக எண்ணாது. மார்கழிப் பனியில் ஈரத்தையும் தூசி என்று கூட்டிக் காட்டும். அதனால் சில வாரமாவது மணலியில் இருப்பது போன்ற அரசு நிலையத்துக்கு அருகில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்காமல் அந்த எண்ணை மேடையில் சொல்லக் கூடாது.

வீடு வீடாக நோய்க் கணக்கு எடுப்பதை ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம் என்பேன். முந்நூறு வீட்டில் ஐந்து புற்றுநோய் என்றால் அது அதிகமா, தற்செயலா என்று எந்தப் புள்ளியியலாளரும் சொல்ல மாட்டார். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் நோயைச் சொல்லவும் மாட்டார்கள். மருத்துவக் கல்லூரியின் சமுதாய மருத்துவத் துறை கூட வந்தால் பார்க்கலாம்.

நோட்டில் இரண்டு மூன்று மாதம் நிறைந்ததும் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கூட்டம். பக்கங்களின் நகலை இணைத்துத் தீர்மானமாக எழுதச் சொல்லி, வாரியத்துக்கும் ஆட்சியருக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

நோட்டை யார் வீட்டில் வைப்பது என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். ஊரில் பாதிப் பேர் அதே ஆலையில் சம்பளம் வாங்குகிறவர்களாக இருப்பார்கள், அவர்கள் வீட்டுப் பெண்களும் எழுத விரும்புவார்கள். அதனால் பெயர் வேண்டாம், வீட்டுக்கு ஓர் எண் போதும். எண்ணுக்குரிய பட்டியல் ஒரு வீட்டில், நோட்டு வேறு வீட்டில் இருக்கட்டும்.