பழைய பிக்கப்புக்கு சைலன்சர்: ஜி.பி. ரோடா, புதுப்பேட்டையா?

சென்னையில் டாடா 207 மாதிரி பழைய பிக்கப்புக்கு சைலன்சர் மாற்ற, புதுசு என்றால் ஜி.பி. ரோடு, பழைய வண்டிகளில் கழற்றிய பார்ட்ஸ் என்றால் புதுப்பேட்டை.

சைலன்சர் டப்பாவில் புதுப்பேட்டைக்கு மதிப்பெண் குறைவுதான். வெளியே கறுப்பு பெயிண்ட் பளபளக்கும். துரு உள்ளிருந்து தின்னும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள்: கணீரென்றால் சரி, சொத்தென்றால் தகடு போச்சு. குலுக்கும்போது கடகடத்தால் உள்தகடு உடைந்திருக்கிறது. மேனிஃபோல்டை (இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து பைப்புக்கு அனுப்பும் பாகம்) மட்டும் அங்கே தாராளமாக வாங்கலாம். வார்ப்பிரும்பு, விரிசல் இருக்கிறதா, முகம் வளைந்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தால் போதும்.

ஜி.பி. ரோட்டில் லோக்கல், கம்பெனி இரண்டும் உண்டு. லோக்கல் பைப்பில் 1.2 மி.மீ. தகடு வேண்டாம், 1.6 கேளுங்கள், மெல்லிசுத் தகட்டில் ஆர்க் வெல்டிங் ஓட்டை போட்டுவிடும். ஃபிளேஞ்ச் (பைப் முனையில் போல்ட் போடும் தட்டு) துளைகளைப் பழையதோடு வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். புது பேக்கிங் (இணைப்பு நடுவில் வைக்கும் கேஸ்கெட்), யூ கிளாம்ப், ஹேங்கர் ரப்பர் கூடவே வாங்குங்கள். ரப்பர் தொய்ந்தால் பாரமெல்லாம் ஃபிளேஞ்ச் வெல்டிங்கில் இறங்கும். அங்கேதான் விரிசல் விடும்.

மாட்டுகிற வேலையில் ஸ்டட்தான் (இணைப்பில் நட்டு போடும் தலையில்லாத போல்ட்) வில்லங்கம். முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெய் விடாமல் ஸ்பேனர் போட்டால் முறியும். டிரில் கூலி தனி. வண்டியிலேயே வெல்டிங் என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் டையோடு போகலாம். முடிந்ததும் ஐடிலில் விட்டு வால் பைப்பைக் கெட்டித் துணியால் சில நொடி அழுத்தினால், கசிகிற இணைப்பு புஸ்ஸென்று காட்டிக்கொடுக்கும். சில நாள் ஓடியபின் ஃபிளேஞ்ச் ஓரம் கரி படிந்திருந்தால் போல்ட்டை மறுபடி இறுக்குங்கள்.